எல்லை எங்கே இருக்கிறது?

(அதியமான்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



சைக்கிளில் எல்லை தாண்டிப் போய்வந்த சங்கதியைச் சொல்லும்படி இவ்வூர் வாலிபர்கள் கேட்டார்கள். நாம் சீமைக்குப் போய்வந்தவரல்ல. இந்த அதியமான்கோட்டையில் கிளம்பி, ஓசூருக்கு அப்பால் கன்னட நாட்டு அத்திப்பள்ளி வரையில் போனோம். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான் நம்முடைய திக்குவிஜயம்!

நாமும் இரண்டு வாலிபர்களும் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பும் சமயத்தில், ஒரு பெரியவர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து, சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கிவிட்டுப் போகச் சொன்னார். பிரேக்கையும் காற்றையும் சோதித்துக்கொண்டோம். பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். பெரியவருக்குக் கோபம். ஆனால் 1885ல் ஏறக்குறையச் சமமான இரண்டு சக்கரமும் சங்கிலியும் வைத்து இந்த வண்டிக்கு உருவம் கொடுத்தவர் ஸ்டார்லி என்ற இங்கிலீஷ்காரர். 1888ல் காற்றடைத்த டயரைச் செய்தவர் டன்லப் என்ற மாட்டு வைத்தியர். சக்கரத்தை உருட்டியது அவர்களுடைய புத்தியே தவிர எலுமிச்சம்பழம் அல்லவே!

காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் எல்லாம் கடந்து ஜூஜூவாடியையும் தாண்டினோம். பலகையில் எழுத்து மாறிற்று. வேறென்ன மாறிற்று? மண் மாறவில்லை. கேழ்வரகும் மாறவில்லை, இங்கே களி, அங்கே முத்தே. அத்திப்பள்ளியில் நம் டியூபில் முள் ஏறிவிட்டது. பஞ்சர் ஒட்டுகிறவர் கன்னடத்தில் கேட்டார். நாம் தமிழில் பதில் சொன்னோம். ஓட்டை இரண்டு பாஷைக்கும் ஒரே இடத்தில்தான் இருந்தது.

இந்த எல்லையைக் கடவுள் போட்டாரா? 1792க்கு முன் நம்முடைய பாராமகால் மைசூரைச் சேர்ந்தது. அந்த வருஷம் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் செய்துகொண்ட உடன்படிக்கையால் கும்பெனியார் கைக்கு வந்தது. 1965ல் சேலத்திலிருந்து தருமபுரி ஜில்லா பிரிந்தது. 2004ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. எந்த மலையாவது நகர்ந்ததா? எல்லாம் பேனா செய்த வேலை.

ஐரோப்பாவைப் பாருங்கள். ரைன் நதிக்கரையில் ஸ்ட்ராஸ்பர்க் என்று ஒரு நகரம். 1871ல் ஜெர்மனிக்குப் போயிற்று; முதல் யுத்தம் முடிந்ததும் பிரான்சுக்கு வந்தது; 1940ல் மறுபடி ஜெர்மனி; 1944ல் மறுபடி பிரான்சு. வீட்டை விட்டு நகராத ஒரு கிழவி தன் ஆயுளுக்குள் நாலு முறை நாடு மாறியிருப்பாள்! ஒவ்வொரு மாற்றத்திற்கும் பிணங்கள் குவிந்தன. அப்படி வெட்டிக்கொண்டவர்கள் 1985ல் லக்சம்பர்க் நாட்டு ஷெங்கன் கிராமத்தில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 1995 முதல் பல எல்லைகளில் சோதனையையே எடுத்துவிட்டார்கள். 2004ல் அந்த ரைன் நதியின் மேல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றே ஒரு பாலம் கட்டினார்கள். இந்தக் கரை பிரான்சு, அந்தக் கரை ஜெர்மனி. சில நிமிஷம் மிதித்தால் வேறு தேசம்!

ஆகவே மனிதன் போட்ட எல்லையை மனிதனே அழிக்கலாம் என்பது பிரத்தியட்சம்.

இனித்தான் முக்கியமான விஷயம். அத்திப்பள்ளியிலிருந்து சைக்கிள்களை ஒரு லாரியில் ஏற்றி வந்து, பொழுது சாயும் நேரத்தில் இறங்கி மீதித் தூரத்தை மிதித்தோம். வழியில் ஒரு சிற்றூர். அதன் பெரிய தெரு வந்ததும், நம்முடன் வந்த வாலிபர்களில் ஒருவர் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். "மறுபடி பஞ்சரா?" என்று கேட்டோம். "இல்லீங்க ஐயா, எங்க தாத்தா காலத்திலேர்ந்து இந்தத் தெருவிலே இறங்கித்தான் போறது. கால் தானா இறங்கிடுச்சு" என்றார்.

தோழர்களே! இரண்டு ராஜ்யங்களின் எல்லையை இறங்காமல் தாண்டிய கால், ஒரு தெருவில் இறங்கிவிட்டது. அங்கே போலீசு இல்லை, பலகை இல்லை, பட்டாளம் இல்லை. எல்லை மண்ணில் இல்லை, மனத்தில் இருந்தது.

இது பழங்கதை என்று யாராவது சொல்வார்களானால், சட்டத்தைப் பார்க்கச் சொல்லுகிறோம். 1989ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, 2016 சனவரி 26 முதல், தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளில் ஏறிப் போவதைத் தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறார்கள். சைக்கிள் என்ற வார்த்தையையே சட்டத்தில் எழுதவேண்டி வந்தது என்றால், நம் யோக்கியதை என்ன? நம் தருமபுரிக்குப் பக்கத்திலேயே, ஜாதி தாண்டி நடந்த ஒரு கலியாணத்தைச் சாக்கிட்டு, 2012 நவம்பர் 7ல் நத்தம் முதலிய மூன்று காலனிகளில் வீடுகளைக் கொளுத்தினார்களே! எந்த அந்நியன் படையெடுத்து வந்தான்?

சட்டம் பாதையைத் திறக்கும், கால்தான் மிதிக்கவேண்டும். அந்த வாலிபரிடம், "ஏறுங்கள், சேர்ந்தே போவோம்" என்றோம். ஏறினார். மூன்று சைக்கிளும் மணியடித்துக்கொண்டு போயின. திண்ணையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்தாலும் இறங்குவதாக உத்தேசமில்லை.

ஆகையால், பெரிய தெருக்காரத் தோழர்களையே கேட்டுக்கொள்ளுகிறோம்: எல்லையைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போகவேண்டாம். நாளைக் காலையில் உங்கள் தெரு முனையில் நில்லுங்கள். யாராவது அங்கே சைக்கிளை விட்டு இறங்கினால், "ஏறிப் போங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். எல்லை அன்றே அழிந்துபோகும்.