காரணமில்லாமல் அலறும் கார்

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தருகே காரை நிறுத்திவிட்டு மின்சார ரயிலில் தாம்பரம் போகிறவர்கள் உண்டு. மாலையில் திரும்பினால், யாரும் தொடாத கார் அலறிக்கொண்டிருக்கும். திருடனா? பெரும்பாலும் இல்லை.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். அதன் வலு குறைந்தால், யாரோ ஒயரைக் கழற்றுவதாக அலாரம் நினைத்துக்கொள்ளும். நின்றிருக்கும் வண்டியில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்ற வேண்டியதுதான்.

பேட்டரி நன்றாக இருக்கிறதா? அடுத்து பானெட். அதன் பூட்டருகே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஜி.எஸ்.டி. சாலைப் புழுதியும் மழைநீரும் சேர்ந்து அதைத் துருப்பிடிக்க வைத்தால், பானெட் திறந்திருப்பதாகவே கார் நம்பும். துடைத்துவிட்டு, பானெட்டை அழுத்தி மூடுங்கள். வெளியே வாங்கிப் பொருத்திய அலாரம் என்றால், லாரி போகும் அதிர்வுக்கே கத்தும். அதன் உணர்திறனை மெக்கானிக் குறைத்துத் தருவார்.

ரிமோட் வேலை செய்யவில்லையா? அங்கேயும் பேட்டரிதான்! உள்ளிருக்கும் காசு போன்ற பேட்டரியை மாற்றுங்கள். அது தீர்ந்தாலும் பல கார்கள் கிளம்பும். சாவியிலுள்ள திருட்டுத் தடுப்புச் சில்லுக்குத் தனி பேட்டரி தேவையில்லை. பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் பலவற்றில் சாவியை அந்தப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் போதும்.

சத்தம் தாங்காமல் சைரன் ஒயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.