ஆறாத சளியும் அலர்ஜி ஊசியும்

(ஜமாஅத் மண்டபத்தில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு மருத்துவ உதவிக் கோப்பைப் புரட்டியபோது, ஒரே சிறுவனின் பெயர் மூன்று இடத்தில் கண்ணில் பட்டது. மூன்று விண்ணப்பத்திலும் காரணம் நெஞ்சுச் சளி. மூன்றிலும் ஆன்டிபயாட்டிக் சிரப், நெபுலைசர் பில். மூன்றிலும் கையெழுத்துப் போட்டவன் நான்தான். பணம் கொடுத்தோமே தவிர, இந்தப் பிள்ளை ஏன் திரும்பத் திரும்ப வருகிறான் என்று கேட்கவில்லை. நான் டாக்டர் அல்ல. அதன் பிறகு குழந்தை மருத்துவரிடம் கேட்டதையும் படித்ததையும் சொல்கிறேன்.

சிறு பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஆனால் காய்ச்சலே இல்லாமல், காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு என்று மாதக்கணக்கில் நீடித்தால் அது அலர்ஜியாக இருக்கலாம்.

இரண்டும் சேரும்போதுதான் தொல்லை. அலர்ஜியால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயில் சாதாரண ஜலதோஷ வைரஸ் புகுந்தால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நாலு நாள் மூக்கொழுகலோடு போவது இவனுக்கு இளைப்பாக மாறுகிறது. நம் சிறுவனுக்கு நடந்ததும் இதுதான். முன்கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்தும் சோதனையில், கால் மணி நேரத்தில் ஓரிடம் தடித்தது. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் பெருகுவது. அவன் படுத்திருந்தது நன்னியின் கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை!

இதற்கு ஒரு சிகிச்சை உண்டு. எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே மிகச் சிறிய அளவில் கொடுத்து, படிப்படியாகக் கூட்டி, உடம்பைப் பழக்குவது. 1911-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் லியோனார்ட் நூன் புல் மகரந்தத்தைக் கொண்டு செய்ததை வெளியிட்டார். இன்று ஊசியாகவும், நாக்கின் அடியில் விடும் சொட்டாகவும் கிடைக்கிறது. ஊசி என்றால் முதலில் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று, குறைந்தது மூன்று ஆண்டு. மகரந்த அலர்ஜி உள்ள 205 ஐரோப்பியப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. மூன்று ஆண்டு ஊசி போட்டவர்களில் ஆஸ்துமா வந்தவர்கள் குறைவு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது சளிக் காய்ச்சலுக்கான தடுப்பூசி அல்ல. வைரஸ் வரத்தான் செய்யும். வரும்போது நெஞ்சுக்கு இறங்காமல் இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. அதற்கும் முடிவான சான்று இன்னும் போதவில்லை. இளைப்பு கட்டுக்குள் வராத பிள்ளைக்கு இதைத் தொடங்கக் கூடாது. டாக்டர் சொல்லாமல் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். அபூர்வமாக உடம்பு முழுக்கத் தடித்து மூச்சடைக்கும், அப்போது உடனே அட்ரினலின் போட வேண்டும். வீட்டுக்குக் கம்பவுண்டரை வரவழைத்துப் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல இது.

செலவு உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கா என்று குழுவில் ஆட்சேபணை வந்தது. நியாயமான கேள்விதான், ஆபரேஷனுக்குக் காத்திருப்போரும் இருக்கிறார்கள். ஆனாலும் கொடுப்பதென்று முடிவு செய்தோம். ஐந்தாம் மாதம் பிள்ளை தேறியதும், "சுகமாகிவிட்டதே, இன்னும் எதற்கு?" என்று அவனுடைய அத்தா நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஊசிக்கும் ஒருநாள் கூலி போகிறது. இடைவெளி விழுந்ததால் அளவைக் குறைத்து மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று. இப்போது கூலி நாளுக்கும் சேர்த்தே கொடுக்கிறோம்.

மெத்தைக்கு உறை போடுங்கள். விரிப்பை வாரம் ஒருமுறை கொதிசூட்டு வெந்நீரில் அலசுங்கள். வியாழன் இரவுச் சாம்பிராணி, கொசுவர்த்தி, அத்தாமார்களின் சிகரெட், மூன்றும் இளைப்புக்காரப் பிள்ளைக்கு ஆகாது. சாம்பிராணியைச் சொன்னால் வீட்டில் எனக்கே திட்டு விழுகிறது; இருந்தாலும் சொல்கிறேன்.

விலா உள்ளிழுத்தாலும், உதடு நீலம் பூத்தாலும், தண்ணீர் குடிக்க முடியாமல் போனாலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு நாற்பது மூச்சோ அதற்கு மேலோ ஓடினாலும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பில்லை பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆறாத சளியுள்ள பிள்ளைகளின் பழைய சீட்டுகளோடு ஞாயிறு அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.