ஊரில் எத்தனை சென்டிமீட்டர் மழை?



பெங்களூரில் கட்டட வேலை செய்யும் தமிழர்களைக் கேட்டுப் பாருங்கள். சொந்த ஊர் எது? திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், கிருஷ்ணகிரி என்பார்கள். பிள்ளைகள் இங்கே. அப்பாவும் அம்மாவும் ஊரில். கார்த்திகை பிறந்தால் இவர்களுக்கு மனசு அங்கேதான் இருக்கும். அது புயல் மாதம் அல்லவா?

ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது வடகிழக்குப் பருவமழை. சென்னை முதல் கடலூர் வரை உள்ள வட கடலோர மாவட்டங்களுக்கு அதுதான் பெரிய மழை. அங்கே நிலம் தாழ்வு. ஆறுகள் வந்து முடிகிற இடம். புயல் நேரத்தில் கடலும் கொந்தளிக்கும். ஆற்றுத் தண்ணீரை உடனே வாங்கிக்கொள்ளாது. தண்ணீர் எங்கே போகும்? வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்ததும் போய்விட்டதா? இல்லை. அங்கேயே வெகுநேரம் நின்றது. நின்று நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. பிறகு மெதுவாக மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச் சரிவில் மண் சரிந்து வீட்டின் மேல் விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். கடலுக்கு வெகு தூரத்தில் உள்ளது ஊத்தங்கரை. அங்கேயும் 50 சென்டிமீட்டர் பெய்தது.

50 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? 10 அடி அகலம், 20 அடி நீளம் உள்ள ஒரு சின்ன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கூரை மேல் 1 சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 12 குடம் தண்ணீர். 50 சென்டிமீட்டர் விழுந்தால் 600 குடம்! ஒரு வீட்டுக் கூரைக்கே இவ்வளவு. ஊருக்கு எவ்வளவு? மலைக்கு எவ்வளவு? அவ்வளவும் ஆற்றுக்குத்தான் வரும்.

எந்த ஆறு? தென்பெண்ணை. இது பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. கன்னடத்தில் தட்சிண பினாகினி என்பார்கள். பெங்களூரின் கிழக்குப் பக்கத்துத் தண்ணீரும் இதில்தான் சேர்கிறது. பெள்ளந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி, பிறகு இந்த ஆறு. ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எல்லாம் தாண்டிக் கடலூர் பக்கம் கடலில் விழுகிறது. பெங்களூரில் தெருவில் ஓடுகிற மழைத் தண்ணீரும் நம் ஊருக்குத்தான் போகிறது என்று பலருக்குத் தெரியாது. ஆனால் அன்றைய வெள்ளம் பெங்களூர் மழையால் வந்ததல்ல. கீழே பெய்த மழைதான் காரணம்.

சாத்தனூர் அணையின் உயரம் 119 அடி. அணை நிரம்பிக்கொண்டே வந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி விடிவதற்குள் விநாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் வெளியேறியது. ஒரு கனஅடி என்பது 28 லிட்டர். ஊர் தூங்குகிற நேரம் அது. கரையோரக் கிராமங்களில் ஜனங்கள் மாடியில் ஏறி நின்றார்கள். அரசூரில் சென்னை–திருச்சி சாலையே ஆறாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் திறந்த புதுப் பாலம் ஒன்றும் அடித்துக்கொண்டு போனது.

முன்கூட்டியே பல முறை எச்சரித்தோம் என்றது அரசு. சொல்லாமல் திறந்துவிட்டார்கள் என்றார்கள் எதிர்க்கட்சியினர். யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். எச்சரிக்கை என்பது அறிக்கையில் இருந்தால் போதாது. காதில் விழ வேண்டும். விழுந்தது புரியவும் வேண்டும்.

செய்தியில் சொல்லும் வார்த்தைகளுக்கு அளவு உண்டு. ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 20-ஐத் தாண்டினால் அதி கனமழை. நிறமும் சொல்வார்கள். மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

பெங்களூரில் இருப்பவர்களுக்கும் இது வேண்டும். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி இரவு இங்கே 13 சென்டிமீட்டர் பெய்தது. பெள்ளந்தூர், ஏமலூர் பக்கம் பெரிய பங்களாக்காரர்களே டிராக்டரில் ஏறி வெளியே வந்தார்கள். ஏரியையும் ராஜகாலுவேயையும் அடைத்துக் கட்டினால் வேறென்ன நடக்கும்? தகர ஷெட்டில் இருந்தவர்கள் பட்ட பாட்டை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

சரி, இங்கே இருக்கிற மகனோ மகளோ என்ன செய்யலாம்? "சாத்தனூர் அணையில் தண்ணீர் திறப்பு" என்று செய்தியில் பார்த்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே போன் செய்யுங்கள். அம்மா எடுக்கவில்லையா? பக்கத்து வீட்டு அண்ணன் எண்ணுக்குப் போடுங்கள். அந்த எண்ணை இன்றே எழுதி வையுங்கள். ஊரில் இருப்பவர்கள் கலெக்டர் ஆபீஸுக்கு 1077-ல் சொல்லலாம். எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவார்கள் என்று மழைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, மாத்திரை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். புறப்படும் முன் ஆடு மாடுகளை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். கட்டியிருந்தால் நின்ற இடத்திலேயே மூழ்கிவிடும்.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு ஓடுவார்கள். மண் சுவர் ஊறியிருக்கும். மழை விட்ட பிறகும் விழும். வெளியே நின்று சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். நனைந்த சுவிட்சைத் தொட வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.