சுவரைப் பார், பிறகு டின்னைப் பார்



வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க நினைத்ததும் நம்மில் பலர் நேராகக் கடைக்குப் போகிறோம். நிற அட்டையைப் புரட்டிப் பார்க்கிறோம். மஞ்சளா, பச்சையா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. நல்ல பெயிண்டர் அப்படிச் செய்வதில்லை. அவர் முதலில் சுவரிடம் போகிறார்.

என் மாமா பாறசாலையில் பெயிண்டர். அவர் சுவரை உள்ளங்கையால் தேய்ப்பார். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் பழைய பூச்சு செத்துவிட்டது என்று பொருள். அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே எவ்வளவு விலையுள்ள பெயிண்டை அடித்தாலும் அது பொடியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு மழையில் செதில் செதிலாக உரியும். அடுத்து, ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் ஒட்டிவிடுவார். மறுநாள் பிரித்துப் பார்க்கும்போது தாளின் உட்புறம் நனைந்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அன்று டப்பாவைத் திறக்கவே மாட்டார்.

நமக்கு இரண்டு மழை. இடவப்பாதி ஒன்று, துலாவர்ஷம் ஒன்று. ஆகவே வெளிச்சுவர் வேலைக்கு மகரம், கும்பம், மீனம் மாதங்களே ஏற்றவை. ஓணத்துக்கு முன்னால் அவசரமாக அடிப்பவர்கள் உண்டு. அவர்கள் பணம்தான் பாசியோடு போகிறது.

புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவருக்கு இன்னொரு விஷயம் தெரிய வேண்டும். புதுச் சிமெண்டில் காரம் உண்டு. எண்ணெய் பெயிண்டில் எண்ணெய் உண்டு. காரமும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? தேங்காய் எண்ணெயில் காரம் சேர்த்துச் சோப்பு செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதேதான் சுவரிலும் நடக்கிறது. எண்ணெய் சோப்பாகிறது, பெயிண்ட் பிசுபிசுத்து உரிகிறது. அதனால் பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். மழைக்காலமானால் இன்னும் கூடுதல். பிறகும் சுவருக்கு எண்ணெய் பெயிண்ட் வேண்டாம். சிமெண்ட் பிரைமர் ஒரு கோட்டு, அதன்மேல் எமல்ஷன் இரண்டு கோட்டு போதும். நாகத்தகடு ஷீட்டிலும் சாதாரண எனாமல் நிற்காது. அதற்கென்று தனி பிரைமர் கேட்டு வாங்க வேண்டும்.

வெட்டுகல் சுவரும் மண் சுவரும் உள்ள பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பே நல்லது. இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித் தானும் கல்லாக இறுகும். நெருக்கமான பெயிண்டை அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சையே தள்ளிவிடும்.

வீட்டுக்குள் டிஸ்டம்பர் மலிவு. ஆனால் ஈரத்துணியால் துடைத்தால் கையோடு வரும். அடுக்களைக்கும் குழந்தைகள் இருக்கும் அறைக்கும் கழுவக்கூடிய எமல்ஷன் வாங்குவது லாபம். வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் எமல்ஷன்தான். அதில் பூஞ்சைக்கு மருந்து சேர்த்திருக்கிறார்கள். உள்ளே அடித்து மிஞ்சியதை வெளியே அடிப்பது வீண்.

அயனி, பலாக் கதவுகளுக்கு மர பிரைமர், பட்டி, உப்புத்தாள், பிறகு எனாமல். கதவின் அடி ஓரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மழைநீர் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. கதவு உப்பி இறுகுவது அதனால்தான். கதவை மாட்டும் முன்பே அடியிலும் தலையிலும் அடிக்கச் சொல்லுங்கள். இரும்புக் கம்பிகளில் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். பூவார், பொழியூர்க் கடற்கரைப் பக்கம் ஒரு இரவு விட்டாலும் உப்புக்காற்றில் துரு திரும்ப வந்துவிடும்.

விலை கூடிய பெயிண்டுக்கும் குறைந்ததற்கும் என்ன வேறுபாடு? பெரும்பாலும் வெள்ளைப் பொடியில்தான். அதன் பெயர் டைட்டானியம் டை ஆக்சைடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலை நீங்கள் மிதித்திருப்பீர்கள். அதில் இல்மனைட் இருக்கிறது. அந்தக் கறுப்பிலிருந்துதான் இந்த வெண்மை பிறக்கிறது. திருவனந்தபுரம் கொச்சுவேளியில் இதற்கென்றே திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனத்தை 1946-இல் தொடங்கினார்கள். இந்தப் பொடி அதிகமாக உள்ள பெயிண்ட் இரண்டு கோட்டில் பழைய நிறத்தை மறைக்கும். சுண்ணக்கல் பொடி அதிகமானால் மூன்று, நான்கு கோட்டு கேட்கும். கூலியையும் கூட்டிப் பார்த்தால் மலிவு எது என்று தெரியும்.

இனி முக்கியமான சங்கதி. பழைய நாளில் வெண்மைக்கும், பளிச்சென்ற மஞ்சள், சிவப்புக்கும் ஈயம் சேர்த்தார்கள். எனாமலில்தான் அது அதிகம். ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குழந்தைக்கு இவ்வளவு ஈயம் போனால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜன்னல் ஓரத்தில் உரிந்த சில்லைக் குழந்தை வாயில் வைக்கும். பெயிண்டர் உப்புத்தாளால் தேய்க்கும்போது தூசி பறக்கும். அந்தத் தூசி அவர் சட்டையில் ஏறி வீட்டுக்கு வரும். மகள் ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள்.

மத்திய அரசு 2016-இல் ஒரு விதி கொண்டுவந்தது. அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. அதை டின்மேல் அச்சடிக்கவும் வேண்டும். எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கவலை வேண்டாம். 90 என்ற எண்ணைத் தேடுங்கள். செய்த மாதமும் ஆண்டும் பாருங்கள். எதுவுமே எழுதாத டின் என்றால் திருப்பிக் கொடுங்கள்.

ஆனால் விதி வருவதற்கு முன்பே அடித்த பெயிண்ட் நம் ஜன்னல்களில் இன்னும் இருக்கிறது. அதை உலர்ந்தபடி சுரண்டக் கூடாது. தீயால் சுடவும் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்துத் தேய்க்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரித்து, சில்லுகளைக் கட்டி எடுக்க வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைக்குள் விடாதீர்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். என் மாமா வீட்டில் அத்தை இப்போது அந்தச் சட்டையை வாசலிலேயே கழற்ற வைக்கிறார்.

கடைசியாக ஒரு கணக்கு. 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறைக்கு நான்கு சுவரும் சேர்த்து 400 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 50 கழித்தால் 350. ஒழுங்கான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 60 சதுர அடி வரும். அப்படியானால் 6 லிட்டர் தேவை. கடைக்காரர் 10 லிட்டர் என்றால் ஏன் என்று கேளுங்கள். அடுத்த வகுப்புக்கு வீட்டில் கிடக்கும் காலி டின் ஒன்றைக் கழுவிக் கொண்டுவாருங்கள். அதில் உள்ளதை எழுத்துக் கூட்டிப் படிப்போம்.