குனிகிறவரைக் கேட்டு வாங்குங்கள்

(‘நடுத்தரக் குடும்பத்துக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம் தேவையா? தேவையில்லையா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘தேவையே’ என்ற அணியில் பேசியது)

மாண்பமை நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, ‘இவர் எழுந்து என்ன சொல்லிவிடப் போகிறார்’ என்று புன்னகையோடு பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, பெருக்குகிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் துடைப்பத்துக்கு ஒரு பிள்ளைத்தமிழே பாடிவிட்டுப் போயிருக்கிறார்கள். துடைப்பம் மகாலட்சுமி என்றார்கள். அதைக் காலால் மிதிக்கக் கூடாது, விளக்கு வைத்த பிறகு கையில் எடுக்கக் கூடாது என்றார்கள். ரொம்பச் சரிங்கம்மா. அவ்வளவு பெரிய லட்சுமியை நாம எங்கே வச்சிருக்கோம்? கதவுக்குப் பின்னால, தலைகீழா! (சிரிப்பு)

ஐயா, நான் துடைப்பத்துக்கு எதிரி இல்லை. தமிழ் வாத்தியார் எப்படி எதிரியாக முடியும்? ‘விளக்குமாறு’ என்ற சொல்லைப் பாருங்கள். பாத்திரம் விளக்குகிறோம், பல் விளக்குகிறோம். துலக்குதல் என்கிற அந்த ‘விளக்கு’தான் இதிலும் இருக்கிறது. இவ்வளவு நல்ல சொல்லை நாம் சண்டை போடுவதற்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம்.

ஆனால் துடைப்பத்தால் முடியாத காரியம் ஒன்று உண்டு. மணலை வாரும், முடியை வாரும், காகிதத் துண்டை வாரும். பொடித்தூசி இருக்கிறதே, அதை வாராது, எழுப்பிவிடும். பெருக்கி முடித்த அறையில் சன்னல் வழியாகக் காலை வெயில் விழும்போது பாருங்கள், அந்த வெளிச்சக் கீற்றுக்குள்ளே என்னென்ன நீந்துகிறது என்று! அது கீழே இறங்க நேரமாகும். அதுவரைக்கும் அது எங்கே போகும்? குனிந்து பெருக்குகிறாரே, அவர் மூக்குக்குள்ளே போகும். வீட்டில் மூச்சிரைப்புக்காரர் ஒருவர் இருந்தால் அன்றைக்கு முழுதும் அவருக்கு ஏகாதசிதான்.

எதிரணித் தலைவர் கேட்டார், “இந்த இயந்திரம் சீமையில கம்பளம் விரிச்ச வீட்டுக்குச் செஞ்சது, நமக்கு எதுக்குய்யா?” என்று. நல்ல கேள்வி. நான் பாதியை ஒத்துக்கொள்கிறேன். 1901-ல் லண்டனில் ஹூபர்ட் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளுகிற இயந்திரம் ஒன்றைப் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். ஒரு உணவகத்துக்குப் போனார். நாற்காலி மெத்தையில் கைக்குட்டையை விரித்தார். வாயை வைத்து உறிஞ்சினார். (சிரிப்பு) சிரிக்காதீங்க, இருமிக்கொண்டே கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கறுப்பு வட்டம். வேலை நடக்கும் என்று புரிந்துவிட்டது. அவர் செய்த இயந்திரத்தைக் குதிரை இழுத்து வந்தது. அது தெருவில் நிற்கும், குழாய் மட்டும் சன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். 1902-ல் ஏழாம் எட்வர்டு முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அதுதான். அது சீமான்களின் இயந்திரம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நம் வீட்டு மூலையில் நிற்கக்கூடிய இயந்திரம் அந்தப் பரம்பரை இல்லைங்க ஐயா. அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில், கேன்டன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பல்பொருள் அங்காடியில் துப்புரவுப் பணியாளர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். அறுபதை நெருங்குகிற வயது, ஆஸ்துமா தொல்லை. தான் பெருக்குகிற தூசிதான் தன் மூச்சை அடைக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஒரு மின்விசிறி மோட்டாரை எடுத்தார். தூசி பிடிக்க ஒரு தலையணை உறையைக் கட்டினார். பிடித்துத் தள்ள எதைச் சொருகினார் தெரியுமா? விளக்குமாற்றுக் கம்பை! (கைதட்டல்) 1908-ல் காப்புரிமை கிடைத்தது. தோல்பொருள் தொழில் செய்த ஹூவர் என்பவர் அந்த உரிமையை வாங்கித் தொழிற்சாலை வைத்தார், பேர் அவருக்குப் போய்விட்டது. செய்தவர் பெருக்குகிற தொழிலாளி. எதற்காகச் செய்தார்? தான் மூச்சு விடுவதற்காக. அம்மையார் அவர்களே, உங்கள் மகாலட்சுமியின் கைப்பிடியில்தான் இந்த இயந்திரமே பிறந்திருக்கிறது.

அடுத்தது செலவு. எதிரணியில் ஒரு நண்பர், தன் சிநேகிதர் இருபதாயிரம் கொடுத்து வாங்கின இயந்திரம் பரண் மேல் கிடக்கிறது என்றார். நானும் அப்படிப் பத்துப் பரண்களைப் பார்த்திருக்கிறேன். அது எப்படி வந்தது? கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். குழாய்க்குள் ஒரு கறுப்புத் துணியை வைத்தார். உங்கள் மெத்தையில் நாலு இழுப்பு இழுத்தார். துணியை எடுத்துக் காட்டினார், வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி தூசி. “சார், இதுலதான் உங்க குழந்தை படுக்குது.” முடிஞ்சது கதை! அவ்வளவுதான், மாமா காசோலைப் புத்தகத்தைத் தேடுகிறார். ஐயா, எந்த மெத்தையில் எதை வைத்து இழுத்தாலும் அந்தத் தூசி வரும். நாலாயிரம் ரூபாய் இயந்திரத்திலும் அதே கறுப்புத் துணியை வைத்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அது இயந்திரத்தின் குற்றமா?

திருக்குறளில் 48-ஆவது அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். வள்ளுவர் அரசனுக்குப் படை நடத்தச் சொன்னார். நான் இன்றைக்குக் குடும்பத்தலைவிக்குக் கடை நடக்கச் சொல்கிறேன். (சிரிப்பு)

வலியறிதல். அட்டைப்பெட்டி மேல் 1400 வாட், 1600 வாட், 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது இயந்திரம் குடிக்கிற மின்சாரத்தின் அளவு. இலையில் விழுந்த சோற்றை வைத்து ஒருத்தன் எத்தனை மூட்டை தூக்குவான் என்று சொல்ல முடியுமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ல், வீட்டு இயந்திரம் 1600 வாட்டுக்குக் கீழ்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2017-ல் அதையும் குறைத்து 900-க்குக் கீழ் கொண்டுவந்தார்கள். கம்பளம் விரித்த அந்த வீடுகளுக்கே அது போதும் என்றால், மொசைக் தரைக்கும் டைல்ஸ் தரைக்கும் 2000 வாட் எதற்கு? பார்க்க வேண்டியது இழுவிசை. அதை கிலோபாஸ்கல் கணக்கில் போட்டிருப்பார்கள். அதோடு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது என்பதும் வேண்டும். இளநீரில் ஒரு உறிஞ்சுகுழலைப் போட்டு உறிஞ்சிப் பாருங்கள், ரொம்ப மெல்லிய குழலாக இருந்தால் கன்னம்தான் குழியும், இளநீர் வராது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

செலவுக்கணக்கு வேண்டுமென்றால் சொல்கிறேன். 1000 வாட் இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வாரம் இரண்டு நாள், நாளுக்கு அரை மணி என்றால், இரண்டு மாதத்துக்கு ஒன்பது யூனிட்டுக்குள் அடங்கும்.

இனி இடம். எதிரணி எனக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. நம் வீட்டில் கம்பளம் இல்லை என்றார்களே, அதனால்தான் நமக்கு இது மலிவு! கம்பளத்துக்கென்று சுழல்கிற தூரிகை, அதற்குத் தனி மோட்டார், பன்னிரண்டு இணைப்புகள் எல்லாம் நமக்கு வேண்டாம். வெறும் தரைக்குத் துடைப்பமும் ஈரத்துணியும் இருந்துவிட்டுப் போகட்டும். துடைப்பம் போகாத இடம் எது? மெத்தை, சோபா இடுக்கு, கொசுவலை அடித்த சன்னல், கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால். என்னைப் போன்றவன் வீட்டில் புத்தக அலமாரி. பழைய புத்தகத்தைத் தட்டினால் வருகிற தூசியில் மூன்று சங்கமும் தெரியும்! (சிரிப்பு) இந்த வேலைகளுக்கு மூவாயிரத்திலிருந்து ஆறாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சாதாரண உருளை வகையே போதும். ஒரு தட்டை வாய், ஒரு இடுக்கு வாய், ஒரு மெல்லிய தூரிகை, மூன்று இணைப்பு போதும்.

இன்றைக்குத் தானே ஓடுகிற ரோபோ வந்திருக்கிறது. நல்ல பிள்ளைதான். ஆனால் நம் வீட்டு நிலைப்படியைத் தாண்டாது; பூசையறையில் நீங்கள் போட்ட மாக்கோலத்தை அழுக்கு என்று நினைத்து மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டுப் போகும். (சிரிப்பு, கைதட்டல்) கம்பியில்லாத, மின்கலத்தில் ஓடுகிற கைத்தடி வகையும் இருக்கிறது. கைக்கு வசதி. ஆனால் முழு வேகத்தில் வைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மூச்சு வாங்கும் வகைகளே அதிகம். சில வருடத்தில் மின்கலம் தளர்ந்துவிடும். புதுசு போட என்ன விலை என்று இன்றைக்கே கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

சுவரில் இருக்கிற பிளக்கையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பழைய வாடகை வீடுகளில் பெரிய பவர் பிளக், குளிர்பதனப் பெட்டிக்கு ஒன்று, குளியலறையில் ஒன்று, அவ்வளவுதான் இருக்கும். 1600 வாட் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு குளியலறையில் இருந்து படுக்கையறைக்கு வயர் இழுக்க முடியுமா? 1000, 1200 வாட் என்றால் சாதாரண ஆறு ஆம்பியர் பிளக்கிலேயே ஓடும். மின்கம்பி ஐந்து மீட்டராவது இருக்கட்டும்.

இழுத்த தூசி எங்கே சேர்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. காகிதப் பை என்றால் அப்படியே தூக்கி எறியலாம், ஆனால் பைக்கு மாதா மாதம் தட்சணை. துணிப் பையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் வாசலில் நின்று உதறும்போது, உறிஞ்சியதை எல்லாம் வட்டியோடு மூக்கில் வாங்கிக்கொள்வோம். பையில்லாத டப்பா வகை நமக்குக் கட்டுப்படியாகும்; வடிகட்டியைக் கழுவினால் ஒருநாள் முழுக்க நன்றாகக் காயவைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். மூச்சிரைப்பு உள்ள வீட்டில் ஹெப்பா வடிகட்டி வேண்டும். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிறதுதான் ஹெப்பா. ‘ஹெப்பா மாதிரி’ என்று போட்டிருந்தால், அது ‘பட்டு மாதிரி’ புடவைதான். (சிரிப்பு) அதற்காக, இயந்திரம் வாங்கியதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மெத்தைக்குள் ஆழத்தில் இருக்கிற உண்ணியை இது பிடுங்காது. விரிப்பையும் தலையணை உறையையும் நல்ல வெந்நீரில் துவைக்கிற வேலை அப்படியேதான் இருக்கும். இன்னொன்று, ‘ஈரம்’ என்று சொல்லி விற்காத இயந்திரத்தைத் தண்ணீரில் வைக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

கடைசியாக எதிரணிக்கு ஒரு கேள்வி. அந்தப் பரண்மேல் இயந்திரத்தை வாங்கும்போது, வீட்டில் தினமும் பெருக்குகிறவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அப்பா வாங்குவார், பையன் பெட்டியைப் பிரிப்பான், அம்மா படத்தைப் பார்ப்பார்கள். வேலைக்கு வருகிற அம்மாவிடம் மட்டும், “ஏம்மா, அதைத் தொட்டுடாதே, விலை சாஸ்தி” என்று சொல்லிவிடுவோம். அவர்கள் அதே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்த இயந்திரத்தைச் சுற்றியே பெருக்குவார்கள்! எங்கள் வீட்டுக்கு வாங்கும்போது, என் துணைவியார் வேலைக்கு வருகிற அக்காவையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கடைக்காரர் பெரிய இயந்திரத்தைக் காட்டினார். அக்கா பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “நல்லாத்தான் இழுக்குது சார். ஆனா குழாய் குட்டையா இருக்கே, இதுக்கும் குனியணுமே. அதுக்கு நான் வெளக்குமாத்தையே புடிச்சுக்குவேன். அதோட இதைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறணும்ல?”

ஐயா, நாங்கள் இரண்டு பேரும் வாட்டைப் பார்த்தோம், விலையைப் பார்த்தோம். குழாயின் நீளத்தைப் பார்த்தது அந்த அக்கா! நீட்டி மடக்குகிற குழாய் வைத்த, நாலரைக் கிலோ எடையுள்ள சின்ன இயந்திரத்தை எடுத்தோம். பெரியதைவிட மூவாயிரம் குறைவு. பரணில் வைக்கவில்லை, கதவுக்குப் பின்னால் மகாலட்சுமிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. (கைதட்டல்)

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, ஒரே ஒரு நிமிடம். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது என்பார்கள். வாங்குகிற அன்றைக்கே ஒரு வடிகட்டியோ, இரண்டு பையோ கூடுதலாக வாங்கி வையுங்கள். உதிரிபாகம் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா, பழுது பார்க்க வீட்டுக்கு வருவார்களா என்று ரசீது போடுவதற்கு முன்னால் கேளுங்கள். இது கிடைக்காது என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். தீர்ப்பை எங்கள் பக்கம் தருவீர்கள் என்ற நம்பிக்கையோடு அமர்கிறேன்.