விசைப்பலகையும் தலைமையும்

 

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் துறைமுகத்தை நம்பி வாழ்வோர்க்குப் ‘பைலட்’ என்னும் சொல் புதிதன்று. வருகின்ற கப்பலில் ஏறி, அதனைத் துறைசேர்த்தபின் இறங்கிப் போகிறவர் அவர். கப்பலும் அவருடையதன்று, சரக்கும் அவருடையதன்று. கணிப்பொறியில் தமிழைப் பயன்படுத்துவோர் கண்ட உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின், அதாவது உத்தமத்தின், தலைமை வரலாற்றை நோக்குங்கால் இவ்வுவமையே நினைவில் எழுகிறது.

1990களில் தமிழ் எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை, பொதுமைக்கே பஞ்சம். ஒருவர் தட்டிய தமிழ் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறிற்று. சிங்கப்பூர் விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, ‘கணியன்’ முறையை ஆக்கியவர். தமிழ் இணைய மாநாட்டு வரிசை, 1997இல் அவர் முன்னின்று கூட்டிய சிங்கப்பூர் மாநாட்டில் தொடங்கியது.

1999 பிப்ரவரியில் மாநாடு சென்னைக்கு வந்தது. அதனை முன்னின்று நடத்தியவர், வாணியம்பாடியிற் பிறந்து அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய மு. ஆனந்தகிருஷ்ணன். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமுமாக முப்பத்தோரெழுத்தில் அமைந்த ‘தமிழ்99’ விசைப்பலகை அங்கே உருப்பெற்றது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என வகுத்த அப்பலகையில் இலக்கணமே விரல்நுனிக்கு வந்துவிட்டது எனலாம். தட்டச்சுப் பயிலகங்களிற் பழகிய விரல்களுக்கோ அது எளிதாக இல்லை. பழைய தட்டச்சு முறையும் மென்பொருள்களில் உடன் தொடர்ந்தது.

அவ்வாண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். 2000 ஜூலையில் சிங்கப்பூரிலேயே உத்தமம் தோன்றியபோது அதனைக் காண அவர் இல்லை.

முதல் தலைவராக ஆனந்தகிருஷ்ணனும், செயல் இயக்குநராக அருண் மகிழ்நனும் பொறுப்பேற்றனர். இருவருமே எழுத்துரு செய்து விற்றவர் அல்லர். போட்டியாளர் பலர் கூடிய அவையில் தமக்கெனச் சரக்கில்லாதவரைத் தலைமையில் அமர்த்தியது பொருத்தமே. விட்டுக்கொடுத்தோர் பங்கும் சிறிதன்று. சுவிட்சர்லாந்து வாழ் வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம், தாம் வடித்த ‘மயிலை’ எழுத்துருவோடு நின்றுவிடாமல் பொதுக் குறிமுறைக்காக உழைத்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் தம் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளில் தமிழ்99க்கும் இடமளித்தார்.

கோலாலம்பூர், கலிபோர்னியா, சென்னை, சிங்கப்பூர் என 2004 வரை ஆண்டுதோறும் கூடிய மாநாடு, பின்னர் நான்காண்டுகள் கூடவேயில்லை. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தார் ஊன்றி நோக்கத்தக்க இடைவெளி இது. நிறுவியவர்க்கு வாய்த்த புகழ் தொடர்ந்து நடத்துவோர்க்கு வாய்ப்பதில்லை. கடிதம் எழுதி, இடம் தேடி, கட்டுரை திரட்டும் வேலையே அவர்க்கு எஞ்சுகிறது. அவ்வேலைக்கு மீண்டும் ஆளமைந்து, 2009இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் எட்டாம் மாநாடு கூடியது. மறு ஆண்டு ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டோடு ஒன்பதாம் மாநாடும் நடந்தது. ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக ஏற்றதும் அப்போதுதான்.