உணவங்காடியில் கற்ற சீனம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சாப்பாட்டுக்காக ஒரு மொழியைக் கற்பது பற்றி இன்று பேசப்போகிறேன். சிங்கப்பூரில் வசிக்கும் நான் சில ஆண்டுகளாக மாண்டரின் கற்று வருகிறேன். அலுவலகத்தில் அது தேவைப்படவில்லை, எழுதவேண்டிய பரீட்சையும் இல்லை. வீட்டுக்கு அருகிலிருக்கும் உணவங்காடி நிலையத்தில் சீனத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டதைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. "எதுக்குங்க இந்தப் பாடு? படத்தைக் காட்டினா போதுமே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விரலை நீட்டினால் சாப்பாடு வந்துவிடும். பிறகு எதற்கு மொழி?

முதலில், கற்பது நாம் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை என்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பயப்படுவது தொனிக்குத்தான். 'தாங்' என்ற அசையை எடுத்துக்கொள்ளுங்கள். குரலை உயரத்தில் சமமாகப் பிடித்தால் சூப். கீழிருந்து ஏற்றினால் சர்க்கரை. தாழ்த்திச் சொன்னால் படுத்துக்கொள்வது. மேலிருந்து சட்டென்று இறக்கினால் கை சுடும் அளவுக்குச் சூடு. மலைப்பாக இருக்கிறதா? தமிழ் கற்க வரும் ஒரு சீனரை நினைத்துப் பாருங்கள். அவர் கடையில் போய்ப் 'பால்' என்பதற்குப் 'பல்' கேட்பார். குறில் நெடில் நம் காதோடு பிறந்தது போல, தொனி அவர்கள் காதோடு பிறந்தது.

இன்னொரு பயம் அளவுச்சொற்கள். சீனத்தில் வெறுமனே 'ஒரு நூடுல்ஸ்' என்று சொல்வது இலக்கணமாகாது. 'யீ வான் மியன்', ஒரு கிண்ணம் நூடுல்ஸ். குச்சியில் கோத்த இறைச்சிக்கு வேறு சொல், தட்டுக்கு வேறு, கோப்பைக்கு வேறு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு என்ன கஷ்டம்? ஒரு சீப்புப் பழம், ஒரு கட்டுக் கீரை, ஒரு முழம் பூ, ஒரு ஈடு இட்லி, ஒரு மிடறு தண்ணீர் என்று வளர்ந்தவர்கள் நாம்.

எழுத்துகளுக்கும் உணவுப் பட்டியலே நல்ல அரிச்சுவடி. கிளறி வதக்குவது, பொரிப்பது, தணலில் வாட்டுவது ஆகிய மூன்றுக்கும் உரிய எழுத்துகளின் இடப்பக்கத்தில் நெருப்பு என்ற குறி நிற்கும். ஆவியில் அவிப்பது, நீரில் வேகவைப்பது, கல்லில் எண்ணெய் விட்டுச் சுடுவது ஆகியவற்றின் எழுத்துகளுக்கு அடியில் நான்கு புள்ளிகள் இருக்கும். அவையும் நெருப்புதான். பாத்திரத்துக்கு அடியில் அடுப்பு எரிகிறது என்று நான் நினைவு வைத்துக்கொண்டேன்.

இதைவிட எனக்கு வியப்பளித்தது 'ச்ர்' என்ற வினை. உண்பது என்று பொருள். கசப்பை உண்டால் துன்பத்தைத் தாங்குவது. காடியை, அதாவது வினிகரை உண்டால், காதலில் பொறாமைப்படுவது. நட்டத்தை உண்பார்கள், அதிர்ச்சியையும் உண்பார்கள். வேடிக்கையான மொழி என்று நினைக்கும்போதே நம் மொழி நினைவுக்கு வந்தது. அடியுண்டான், கட்டுண்டான், வெட்டுண்டது என்று நாமும் சொல்கிறோமே! ஒருவனுக்கு நேர்வதையெல்லாம் அவன் உண்டதாகச் சொல்லும் வழக்கம் இரண்டு மொழிகளிலும் இருக்கிறது. ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன் வாங்கியதாகத் தெரியவில்லை. பசி எல்லோருக்கும் பொது என்பதால் வந்த ஒற்றுமை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி சிங்கப்பூருக்கு வருகிறேன். மாண்டரின் பாடம் முடித்து உணவங்காடிக்குப் போனால், அங்கே உணவின் பெயர்கள் பலவும் மாண்டரினில் இல்லை. 'சார் குவே தியாவ்' என்பதை மாண்டரினில் வாசித்தால் 'ச்சாவ் குவோ தியாவ்'. அப்படிக் கேட்பவர்கள் அரிது. 'கேரட் கேக்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதில் கேரட்டும் இல்லை, நாம் நினைக்கும் கேக்கும் இல்லை. அரிசி மாவும் வெள்ளை முள்ளங்கியும் சேர்த்து அவித்து, வெட்டி, முட்டையோடு வதக்குகிறார்கள். அதன் உண்மைப் பெயர் 'சாய் தாவ் குவே'. இவையெல்லாம் ஹொக்கியன், தியோசூ மொழிப் பெயர்கள். அன்று தென்சீனக் கடற்கரையிலிருந்து வந்தவர்களின் வீட்டு மொழிகள் அவை.

1979இல் இங்கே மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. வட்டார மொழிகளை விட்டுவிட்டு மாண்டரினுக்கு மாறும்படி சீனக் குடும்பங்களை அரசு ஊக்குவித்தது. சீனர்களுக்குள் ஒரு பொதுமொழி கிடைத்தது உண்மை. பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே பேச்சு அறுந்ததும் உண்மை.

நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு முதியவர் மீன் உருண்டை நூடுல்ஸ் விற்கிறார். பல மாதங்கள் எங்களுக்குள் 'ஒரு கிண்ணம்', 'மிளகாய் வேண்டாம்', 'எவ்வளவு' என்பதற்கு மேல் பேச்சில்லை. ஒருநாள், "அங்கிள், இன்னிக்கு சூப் தித்திப்பா இருக்கு" என்று மாண்டரினில் சொன்னேன். இங்கே அது பாராட்டு. எலும்பிலிருந்து இறங்கிய இயல்பான ருசியைத்தான் தித்திப்பு என்பார்கள். அவர் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எத்தனை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறார் என்று சொன்னார். பிறகு, "மாண்டரின் எனக்கும் கத்துக்கிட்ட மொழிதான்" என்றார். அவருடைய தாய்மொழி தியோசூ. பேரன் அவரோடு ஆங்கிலத்தில் பேசுகிறானாம். பேரனுக்குத் தெரிந்த தியோசூ ஒரே வாக்கியம்: "சாப்டீங்களா?"

நண்பர்களே, அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. அயலகத்தில் நம் பிள்ளைகள் பலரிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் எது? சாப்டியா, போதும், காரமா இருக்கு, தண்ணி குடு. ஒரு மொழி கடைசியாக விடைபெறும் இடம் சமையலறை என்று அன்று எனக்குப் பட்டது. வேற்று மொழிக்குள் நாம் முதலில் நுழைவதும் அந்த வாசல் வழியாகத்தான். அன்று அவரும் நானும் இருவருக்குமே சொந்தமில்லாத ஒரு மொழியில் நின்று, வீட்டில் தேய்ந்துகொண்டிருக்கும் இரண்டு மொழிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். விரலை நீட்டியிருந்தால் சூப் மட்டும் கிடைத்திருக்கும்.

இலக்கியக் கூட்டம் என்பதால் ஒரு கதையைச் சொல்கிறேன். லூ சுன் 1919இல் வெளியிட்ட 'கொங் யீஜி'. தேர்வில் தேறாத படிப்பாளி ஒருவர், பரிமாறும் சிறுவன் வேலை செய்யும் மதுக்கடைக்கு வருகிறார். சூடான மதுவும் ஒரு தட்டுச் சோம்பு மணக்கும் அவரையும் வாங்குவார். அந்த அவரையின் பெயரில் வரும் 'ஹுய்' என்ற எழுத்தை எழுதத் தெரியுமா என்று சிறுவனிடம் கேட்கிறார். நாளை நீ முதலாளியானால் கணக்கெழுத உதவும் என்கிறார். எங்கள் முதலாளி அவரையைக் கணக்கிலேயே எழுதுவதில்லையே என்று சிறுவன் மனதுக்குள் நினைக்கிறான். அந்த எழுத்தை நான்கு விதமாக எழுதலாம் என்று அவர் உற்சாகமாகத் தொடங்கும்போது, அவன் சலித்துப்போய் நகர்ந்துவிடுகிறான். கடை முழுவதும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒருவரும் அவரோடு பேசுவதில்லை. கடைசியில் அவரைப் பற்றிக் கடையில் மிஞ்சுவது பலகையில் எழுதிய பத்தொன்பது காசுக் கடன்.

படித்தவனின் அகந்தையைப் பற்றிய கதை என்று இதை முன்பு வாசித்தேன். இப்போது, ஒருவர் தன்னிடமிருந்த ஒரே செல்வத்தைத் தட்டில் வைத்து நீட்ட, வாங்க ஆளில்லாமல் போன கதையாகவும் படுகிறது.

2020இல் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியல் ஒரு கலாசாரத்தைக் கௌரவிக்கும், அடுத்த மேசைக்காரரோடு நம்மைப் பேசவைக்காது. அதை நாம்தான் செய்யவேண்டும். அதற்கான முதலீடு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழர்கள் உரிமையோடு 'தேக்கா' என்கிறோமே, அது மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. 'கோப்பி ஓ கோசோங் பெங்' என்று கேட்கும்போது கோப்பியும் கோசோங்கும் மலாய், ஓவும் பெங்கும் ஹொக்கியன். சர்க்கரையும் பாலும் இல்லாத குளிர்ந்த காப்பி ஒன்றுக்காக நாள்தோறும் இரண்டு மொழிகளைக் கடந்து வருகிறோம்.

ஆகவே எந்த ஊரில் இருந்தாலும், அந்த ஊர்த் தெருச் சாப்பாட்டின் மொழியில் இரண்டு வாக்கியம் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று கேட்டு வாங்க. மற்றொன்று, சாப்பிட்டு முடித்தபின் சமைத்தவரிடம் அது எப்படி இருந்தது என்று சொல்ல. இரண்டாவதைச் சொன்னவுடன் கொஞ்சம் நேரம் ஒதுக்கி நில்லுங்கள், பதில் நீளமாக வரும்.